துட்டு கேக்கப் படி, மருமவனே

வா மருமவனே, உக்காரு. பெங்களூரு வேலைய விட்டுட்டு சொந்தமா சாஃப்ட்வேர் கம்பெனி போட்டிருக்கியாம்லா, உங்கம்மா சொன்னா. விசிட்டிங் கார்டும் பாத்தேன். 'நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி'. கம்பெனில மொத்தமே ரெண்டு பேரு. கூட இருக்கவன் கார்டுலயும் தலைமைன்னுதான் போட்டிருக்கு. ரெண்டு பேரும் தலைமைன்னா செயல யாருலே பாக்கப்போறா?

வெளிய எவன்கிட்டயும் கைநீட்டல, சொந்தத் துட்டுதான்னு சொன்னியாம். நல்ல புத்தி. ஆனா உங்கய்யா பி.எஃப். பணத்த எடுத்துப் போட்டுட்டு அதுக்குச் சொந்தத் துட்டுன்னு பேரு வைக்காத. உன் சரக்கு வேணும்னு ஒருத்தன் மாசாமாசம் குடுப்பான் பாரு, அதுதான் சொந்தத் துட்டு. மத்ததெல்லாம் வாய்தா.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைல இருக்காரே ஸ்ரீதர் வேம்பு, அவரு கதைய எல்லாவனும் வேட்டி, சைக்கிளோட முடிச்சிருதான். நீயும் ஒரு சைக்கிள் வாங்கிருக்கன்னு கேள்விப்பட்டேன். மேல படிலே. 1996-ல அண்ணன் தம்பிகளும் கூட்டாளியும் சேந்து அட்வென்ட்நெட்னு தொடங்குனாவ. நெட்வொர்க் சாமான் செய்யுத கம்பெனிகளுக்கு மென்பொருள் வித்தாவ. ஊருல ஒருத்தனுக்கும் வெளங்காத சரக்கு. ஆனா வேணும்ங்கவன் துட்டு குடுத்தான். 2001 வாக்குல அமெரிக்காவுல டாட்காம் கூத்து கவுந்து, வாங்குன கம்பெனியெல்லாம் படுத்துக்கிட்டு. இவுகளுக்குக் கழுத்துல துண்டு போட பங்குக்காரன் கெடயாது, சேத்து வச்ச துட்டும் இருந்துச்சு. பைய வேற சரக்கு செஞ்சாவ. மேனேஜ்எஞ்சின் வந்துச்சு, 2005-ல ஸோகோ வந்துச்சு, 2009-ல கம்பெனி பேரே ஸோகோ ஆச்சு. பதிமூணு வருசம். நீ பதிமூணு மாசத்துல பத்திரிகைல போட்டோ வரணும்னு நிக்க.

அங்கேருந்து வெளிய வந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல ஃப்ரெஷ்டெஸ்க் போட்டாரு. வெளித் துட்டு வாங்குனாரு, 2021-ல நாஸ்டாக் பங்குச் சந்தை வரைக்கும் போயிட்டாரு. அதுவும் நல்ல வழிதான், நான் குத்தம் சொல்லல. நீ என்ன பண்ணுதன்னா, வரவுக்கு வேம்பு வழி, செலவுக்கு கிரிஷ் வழின்னு பிடிச்சிருக்க. அதுதான் வெளங்காது.

இப்ப புதுசா ஒரு யோசனையாம். பெரிய கம்பெனிக்காரன் ஓசில குடுக்கான், அதனால நீயும் ஓசில குடுக்கப்போறியாம். கோட்டிப்பயலே, இந்தக் கூத்து நம்ம தூத்துக்குடிலயே நடந்தாச்சு. 1906-ல வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியப் பதிவு பண்ணாரு. 25 ரூபாப் பங்கு 40,000, மூலதனம் 10 லட்சம். மொதல்ல சொந்தக் கப்பல் கெடயாது, ஷா லைன்காரங்கிட்ட வாடகைக்கு எடுத்தாரு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரன் அங்க போயி ஒரு அமுக்கு அமுக்குனான், வாடகை ரத்து. மனுசன் அசரல, கொழும்புல போயி வேற கப்பல் பிடிச்சாரு, அப்புறம் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோன்னு சொந்தக் கப்பலே கொண்டாந்தாரு. எதிராளி கட்டணத்த ஒரு ரூபாய்க்கு இறக்குனான். அப்புறம் ஓசில ஏத்துதேன், ஒரு குடையும் தாரேன்னான். ஓசிக் குடைய வாங்கிட்டு அவன் கப்பல்ல ஏறுனவன் யாரு? லண்டன்காரனா? 1908-ல அவர உள்ள தூக்கிப் போட்டான், 1911-ல கம்பெனியும் முடிஞ்சு போச்சு.

அவரு நடத்துனது நாட்டுக்கான சண்டை. அத லாப நட்டத்துல வச்சுப் பேசுனா நாக்கு அழுகிரும். நீ எதிராளி சூத்திரத்த மட்டும் படி. அவனுக்கு கல்கத்தாவுலயும் ரங்கூன்லயும் கப்பல் ஓடிச்சு. இங்க விட்டத அங்க எடுத்துக்கிடுவான். உனக்கு ஓடுததே ஒண்ணு. விலைல அவன்கூட மல்லுக்கு நிக்காத. வாடகைக் கப்பல் சமாச்சாரத்தையும் மறந்துராத. உன் யாவாரம் பூரா அடுத்தவன் ஆப்புக்குள்ள குடியிருந்தா, ராத்திரி அவன் விதிய மாத்துனா விடிஞ்சதும் உனக்குக் கம்பெனி இல்ல. வாங்குதவன் பேரு, நம்பரு, கணக்கு எல்லாம் உன் கையில இருக்கட்டும்.

பின்ன எப்படி மாமா பொழைக்கன்னு கேளு. பீச் ரோட்டுல உன் சாஃப்ட்வேர வாங்குன கிளியரிங் ஆபீஸுக்கு நேத்து போயிருந்தேன். கணக்கு பாக்குற அண்ணாச்சி கம்ப்யூட்டர்ல உன் வட்டப்படம் கலர் கலரா சுத்துது. அவரு அதுக்கு முன்னால நீள நோட்டு ஒண்ண விரிச்சு வச்சு பேனாவால எழுதிக்கிட்டிருக்காரு. ஏன் அண்ணாச்சின்னேன். "கன்டெய்னர் நம்பர் நாலு எழுத்து, ஏழு இலக்கம். ஒண்ண மாத்தி அடிச்சா கடைசி இலக்கம் கணக்குல இடிக்கும், கண்டுபிடிச்சிரலாம். உங்க மருமவன் கம்ப்யூட்டர் எத அடிச்சாலும் சரிங்குது. கப்பலுக்குக் கேட் அடைக்குத நேரத்தையும் முன்கூட்டி சொல்ல மாட்டேங்கு. லாரி பைபாஸ்ல நிக்கி, கேட்டு மூடிருதான்"னாரு. அவருக்கு நீ செயற்கை நுண்ணறிவப் பத்தி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தியாமே. அந்த ரெண்டையும் செஞ்சு குடு, நோட்ட மூடிருவாரு. அவரு நோட்ட மூடிட்டா அடுத்த ஆபீஸ்காரன் தானா வருவான். உப்பு, கப்பல், கருவாடுன்னு இந்த ஊருலயே நீளநோட்டு ஆயிரம் கெடக்கு. உலகத்தப் பைய பிடிக்கலாம்.

'வளர்ச்சி ஆலோசகர்'னு ஒருத்தன வச்சிருக்கியாமே, கம்பெனில பங்கு கேக்கானாம்? முத்துக்குளிப்பு நடந்த காலத்துல கடல்கட்டின்னு ஒரு ஆளு உண்டு. சுறா வாயக் கட்ட மந்திரம் சொல்லுவான். கெடைக்கதுல இருவதுல ஒரு பங்கு அந்த மந்திரக்காரவுகளுக்குன்னு மார்கோ போலோவே எழுதி வச்சிருக்கான். பின்னால வெள்ளைக்கார சர்க்காரும் சம்பளம் குடுத்து வச்சிருந்துச்சு. சுறா வரலன்னா மந்திரம் பலிச்சுது. வந்துட்டா முங்குனவன் சுத்தபத்தமா இல்ல. எப்படிப் போனாலும் அவன் பங்கு அவனுக்கு. ஒண்ணு மட்டும் கவனி, அவன் தண்ணிக்குள்ள முங்கல. உன் ஆளு என்னைக்காவது ஒரு வாடிக்கையாளர்கிட்ட பேசிருக்கானா?

ஆளு எடுக்கும்போதும் பந்தா பாக்காத. பிளஸ் டூ, டிப்ளமோ படிச்ச பிள்ளைகளச் சேத்து உதவித்தொகையும் குடுத்து ஸோகோல வேலை பழக்குதாவ. உனக்கு அவ்வளவு வேண்டாம். அண்ணாச்சி போன் பண்ணா எரிஞ்சு விழாம பேசுத ஒரு பிள்ளைய எடு. ஆறு மாசச் சம்பளம் கையில நிக்காம அடுத்த ஆள எடுக்காத.

சரி, என் சோலிக்கு வாரேன். உப்பளத்துக் கூலிக் கணக்குக்கு எனக்கு ஒண்ணு வேணும். என்ன வெலலே? ஈன்னு இளிக்காத, 'மாமாவுக்குப் போயி வெலையா'ன்னு வாயத் தொறக்காத. ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தையும் சேத்துச் சொல்லு. நான் பாதிக்குக் கேப்பேன். உங்கம்மாட்ட போயி மூக்கச் சிந்துவேன். சின்ன வயசுல உன்னத் தோள்ல தூக்கித் திரிஞ்சதெல்லாம் எடுத்து விடுவேன். இறங்கிராத. இறங்குனன்னு வையி, பய பாதிக்கே தாரான்னு பீச் ரோடு பூராவும் மொத ஆளா நாந்தான் சொல்லிட்டு வருவேன்.