பே ஸ்லிப் இருந்தால் பெண்டாட்டி

சென்னையில் எங்கள் எம்.கே.பி. நகரில் வருமானச் சான்று வாங்காத வீடு அபூர்வம். அதில் நாங்கள் நிரூபிக்க வேண்டியது எப்போதும் ஒன்றே ஒன்றுதான்: எங்களுக்கு வருமானம் போதாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. இ-சேவை மையத்தில் கால் கடுக்க நின்று, 'ஐயா, ஏழைகள்தான்' என்று சான்று வாங்கி வாங்கி அந்தக் கலையில் தேறிவிட்டோம்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி இப்போது தலைகீழ்ப் பரீட்சை எழுதுகிறாள். புருஷனுக்கு வருமானம் போதும் என்று நிரூபிக்க வேண்டும். கேள்வித்தாள் லண்டனிலிருந்து வந்திருக்கிறது.

மாப்பிள்ளை பிரிட்டிஷ் குடிமகன். பிள்ளைப் பருவத்தில் பெற்றோருடன் போனவன். அங்கே ஒரு கிடங்கில் வேலை. ஊரறியக் கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சேர்ந்து குடித்தனம் செய்தது இருபத்தெட்டு நாள். லீவு அவ்வளவுதான்.

போன வாரம் ஜெராக்ஸ் கடையில் அவளைப் பார்த்தேன். கல்யாணப் பதிவுச் சான்று, தாலி கட்டும் போட்டோ, மறுவீட்டு விருந்து போட்டோ. அடியில் கத்தையாக வாட்ஸ்அப் உரையாடல்கள். 'சாப்டியா?' 'சாப்ட்டேன். நீ?' இதுவே பக்கம் பக்கமாக. உறவு உண்மையானது என்பதற்கு ஆதாரமாம்.

"இன்னாம்மா, இத்தையுமா பிரின்ட் போடணும்?"

"அல்லாத்தையும்தாண்ணா."

ஒரு பக்கத்தை மட்டும் அவள் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். கடைக்காரர் பார்க்காதவர் போல மெஷினைத் துடைத்தார். முன்பின் தெரியாத அதிகாரிக்குப் படிக்கக் கொடுக்கப்போவதை, தெரிந்த அண்ணனிடமிருந்து மறைக்கிறாள். வெட்கம் அவளுக்கு இருக்கிறது. கேட்டவர்களுக்கு இல்லை.

விதி இதுதான். பிரிட்டிஷ் குடிமகன் வெளிநாட்டு மனைவியை அழைத்துக்கொள்ள ஆண்டுக்கு 29,000 பவுண்டு சம்பாதிக்க வேண்டும். நம் பணத்தில் முப்பது லட்சத்துக்கு மேல். ஆறு மாத பே ஸ்லிப், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இந்தப் பெண்ணும் இங்கே வேலைக்குப் போகிறாள். அந்தச் சம்பளம் கணக்கில் சேராது. சம்பளம் இல்லையா? 88,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய், ஆறு மாதம் கையில் இருந்தால் போதும். பெண் பார்க்க வரும் நம் வீடுகளில்கூடக் கிம்பளத்தையும் சேர்த்து விசாரிக்கும் பெருந்தன்மை உண்டு. லண்டன் மாமனாருக்கு அதுவும் கிடையாது.

2012 ஜூலையில், தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது, இந்தத் தொகை 18,600 பவுண்டு. 2024 ஏப்ரல் 11-இல் 29,000 ஆனது. அதற்குப் பத்து நாள் முன்னால் அதே அரசு குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 11.44 பவுண்டு என்று உயர்த்தியது. தேதி ஏப்ரல் 1. நாளைப் பொருத்தமாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கணக்குப் போடுங்கள். வாரம் 40 மணி நேரம், ஒரு வாரம்கூட விடாமல் 52 வாரம் உழைத்தால் 23,795 பவுண்டு. ஒரு மனிதன் வாழ இது போதும் என்றது முதல் தேதி. அவன் மனைவியோடு வாழ இது போதாது என்றது பதினொன்றாம் தேதி. மீதிக்கு ஓவர்டைம் பார்த்தால் வாரம் 48 மணி நேரத்தைத் தாண்ட வேண்டும். ஆனால் அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம்தான் என்கிறது. அதற்கு மேல் என்றால் தொழிலாளியே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கல்யாணப் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, கசக்கிப் பிழியச் சம்மதம் என்று இன்னொன்று. அதற்குப் பிறகு கூலி ஏறியிருக்கிறது. 40 மணி நேர உழைப்பு இன்னும் 29,000-ஐ எட்டவில்லை.

எதற்கு இந்தச் சுவர்? வருகிறவள் அரசுக்குப் பாரமாகிவிடக் கூடாதாம். நல்லது. ஆனால் அவளுக்குத் தரும் விசாவிலேயே 'அரசு உதவித்தொகை கிடையாது' என்று எழுதித்தான் தருகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு? வருவதற்கு முன்பே 3,105 பவுண்டு கட்டிவிட வேண்டும். 2025 ஏப்ரல் விலைப்படி விண்ணப்பக் கட்டணம் 1,938. மொத்தம் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேல். அரசைத் தொடாதே என்று சொல்லி, தொடாமல் இருப்பதற்கும் காசு வாங்குகிற சாமர்த்தியம் நம் ஊர்க் கந்துவட்டிக்காரனுக்குக்கூட வராது.

இந்தக் கதவைத் தாண்ட அகலமான இன்னொரு வழியும் இருந்தது. 2008-லிருந்து முதலீட்டாளர் விசா என்று ஒன்றை விற்றார்கள். பின்னாளில் விலை இருபது லட்சம் பவுண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவர்களுக்கு மெதுவாகத்தான் தோன்றியது. 2022 பிப்ரவரியில் கடையை மூடினார்கள். கிடங்குத் தொழிலாளியிடம் ஆறு மாத ரசீது. கோடீஸ்வரனிடம் பதினான்கு வருஷப் பொறுமை.

29,000-ஐக் கொண்டுவந்த பிரதமர் ரிஷி சுனக். 38,700 வரை ஏற்றுவதாகத்தான் முதலில் அறிவித்தார்கள். அவருடைய மனைவியும் நம் நாட்டுப் பெண்தான். வெளிநாட்டு வருமானத்துக்கு பிரிட்டனில் வரி கட்டாத சலுகையில் அவர் இருந்தது 2022-இல் வெளியே வந்தது. எல்லாம் சட்டப்படி. பிறகு வந்த லேபர் கட்சி ஏற்றத்தை நிறுத்தியது. இறக்கத்தான் மனம் வரவில்லை. விதி பலருக்குத் துன்பம் தருகிறது என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 2017-இல் ஒப்புக்கொண்டது. ஆனாலும் கொள்கையளவில் செல்லும் என்றது.

நம் வீட்டுப் பெண்களைச் சோதிப்பது அவர்களுக்குப் பழைய பழக்கம். 1979-இல் கல்யாணம் செய்துகொள்ள வந்த இந்திய ஆசிரியை ஒருவரை ஹீத்ரோ விமான நிலையத்தில் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். 1980-களில், நாட்டுக்குள் நுழைவதற்காகச் செய்துகொண்ட கல்யாணம் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அதை 1997-இல்தான் எடுத்தார்கள். உடம்பைச் சோதித்தார்கள், மனசைச் சோதித்தார்கள், இப்போது பர்ஸைச் சோதிக்கிறார்கள்.

இதே சென்னையிலிருந்துதான் 1860-இல் 'ட்ரூரோ' கப்பல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போனது. பின்னாளில் ஒப்பந்தக் கூலி முறையில் ஒரு விதி வைத்தார்கள்: 100 ஆணுக்கு 40 பெண் ஏற வேண்டும். பே ஸ்லிப் யாரும் கேட்கவில்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அன்று பெண் இல்லாமல் கப்பல் கிளம்பாது. இன்று காசில்லாமல் பெண் கிளம்ப முடியாது.

எம்.கே.பி. என்றால் மகாகவி பாரதியார். 1908-இல் அவர் பிரிட்டிஷ் போலீசுக்குத் தப்பிப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனார். செல்லம்மாள் பின்னால் போய்ச் சேர்ந்தார். அதுவும் அந்நிய ஆட்சிதான். ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்டிருந்தால் மகாகவி எதைக் காட்டியிருப்பார்? வரவு: கடன் வாங்கிய அரிசி. செலவு: குருவிகளுக்கு. ரிஜெக்ட்.

ஜெராக்ஸ் கடையில் கணக்கு முடிந்தது. 214 பக்கம், 428 ரூபாய். பெண் பர்ஸைத் துழாவினாள். கடைக்காரர் கத்தையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி நீட்டினார்.

"நானூறு போதும்மா."

ஒன்றரை வருஷத்தில் அவளிடம் 'போதும்' என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.