பழம்பாட்டு மாமா

கல்யாண வரவேற்பில் அவரை எளிதில் அடையாளம் காணலாம். மெல்லிசைக் குழு அனிருத் பாட்டைத் தொடங்கியதும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கர் எட்டாத மூலைக்குப் போகிறவர்தான் பழம்பாட்டு மாமா. வயது அறுபத்தைந்து இருக்கும். "இதெல்லாம் பாட்டாய்யா? ராஜா போட்டான் பாரு, அது பாட்டு" என்பது தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது. ஆனால் இந்த நீதிபதியும் ஒரு காலத்தில் கூண்டில் நின்றவர்தான். 1976-ல் இளையராஜாவின் 'அன்னக்கிளி' வந்தபோது அவருக்கு மீசை அரும்பும் வயது. விஸ்வநாதன்-ராமமூர்த்தியோடு இசை முடிந்துவிட்டதாக நம்பிய அப்பா அவருக்குக் கட்டாயம் இருந்திருப்பார். அந்த அப்பாவை மட்டம் தட்ட, மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' (1944) பார்த்துப் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்ட பெரியப்பா. அவரையும் அடக்க, மைக் இல்லாமல் கிட்டப்பா நாடக மேடையில் பாடியதைக் கேட்ட ஒரு கிழவர். இப்படியே பின்னால் போனால் தமிழ் இசை என்றைக்கோ செத்திருக்க வேண்டும், சாகவில்லை. ஆகவே மாமா அளப்பது பாட்டை அல்ல, தன் பதினாறாவது வயதை.

வயது மட்டும் காரணமென்றால் பேரனும் தன் காலத்துப் பாட்டுக்கு அவரைப் போலவே உருகவேண்டுமே என்று கேட்கலாம். இங்கேதான் காத்திருப்பு வருகிறது. மாமா இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' நேரத்தில் டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பி இரைச்சலுக்குள் பாட்டைத் தேடியவர். நோட்டுத் தாளில் பட்டியல் எழுதிக் கேசட் கடையில் கொடுத்து, "நாளான்னிக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பியவர். அறுபது நிமிடக் கேசட்டில் ஏ சைடின் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் அறுந்துபோகும்; இன்றும் அந்தப் பாட்டை முணுமுணுத்தால் மாமா சரியாக அதே இடத்தில் நிறுத்திவிடுவார். பட்ட பாடெல்லாம் பாட்டின் கணக்கில் வரவாகிவிட்டது. பேரனுக்குப் பாட்டு கேட்காமலே வந்து விழுகிறது. அதனால் அவன் பாடுபடும் இடம் வேறு: முதல் சிங்கிள் ஒரு மணி நேரத்தில் எத்தனை லட்சம் பார்வை பெற்றது என்று எண்ணுவது, எதிர் நடிகரின் ரசிகனோடு மல்லுக்கு நிற்பது. இதைக் கண்டு தலையிலடித்துக்கொள்ள மாமாவுக்கு உரிமையில்லை. எம்.ஜி.ஆர்.-சிவாஜி சண்டையில் சட்டை கிழிந்தவர்கள் அவர் தெருவிலேயே இருந்தார்கள். அதற்கும் முன்னால் பாகவதர்-சின்னப்பா கட்சி.

பழைய பாட்டு நிற்கிறதே, இது நிற்குமா என்று மாமா மடக்குவார். நிற்பது சலித்தெடுத்த மிச்சம். 'ஹரிதாஸ்' பாட்டுகளிலேயே இன்றைக்கும் பலர் வாயில் வருவது ஒன்றிரண்டுதான். மற்றவற்றோடு அதே ஆண்டின் குப்பைகளும் சல்லடையில் இறங்கிவிட்டன. மாமா ஐம்பது ஆண்டுச் சல்லடையின் மேல்பக்கத்தையும் போன வெள்ளிக்கிழமை வந்த மூட்டையையும் ஒப்பிடுகிறார். வார்த்தை புரியவில்லை என்கிற புகாரில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. தாளம் முன்னே வந்து குரலை மறைக்கும் பாட்டுகள் இன்று ஏராளம். இன்னொன்றிலும் அவர் ஜெயிக்கிறார். வானொலி அறிவிப்பாளர் ஒவ்வொரு முறையும் படம், பாடியவர், எழுதியவர் என்று சொல்லிச் சொல்லி, மாமாவுக்கு எந்தப் பாட்டுக்கும் ஜாதகம் தெரியும். பேரனின் போன் திரையிலும் அந்தப் பெயர்கள் ஓடுகின்றன. போன்தான் பாக்கெட்டுக்குள் இருக்கிறது. அவனைத் திருத்த மாமா தினமும் காலை ஐந்து மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய பாட்டை அனுப்புகிறார். பேரன் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு கட்டைவிரலை உயர்த்துகிறான். பையன் வழிக்கு வந்துவிட்டான் என்று மாமா உடனே இன்னும் மூன்று அனுப்புகிறார்.