வெயில் ஓவர்சியர்

நாகர்கோவிலில் எந்தத் தெருவில் வீடு பார்த்தாலும் ஒரு கிணறும் ஒரு ரிட்டயர்டு ஓவர்சியரும் சேர்ந்தே கிடைப்பார்கள். கிணறு கோடையில் வற்றும். ஓவர்சியர் வற்றமாட்டார்.

எங்கள் தெருக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப்பணித்துறையில் அணை, கால்வாய், மடை, மதகு என்று முப்பது வருஷத்துக்கு மேல் அலைந்தவர். பென்ஷன் வாங்கத் தொடங்கி எத்தனையோ வருஷமாகியும் சட்டைப்பையை விட்டு டேப் இறங்கவில்லை. யார் வீட்டு வாசலில் மணல் இறங்கினாலும் போய் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். "மண்ணு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். வீட்டுக்காரருக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலை வரிசை எந்த இடத்தில் வளைகிறது என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்தது. அதைக் கட்டிய மிஞ்சின் துரையைப் பற்றி இவர் பேசுவதைக் கேட்டால், போன வாரம்தான் இரண்டு பேரும் சேர்ந்து சாயா குடித்தார்கள் என்று தோன்றும்.

இந்த இனத்துக்கு வேலை செய்வது முக்கியமில்லை. மேற்பார்க்க ஏதாவது வேண்டும். தென்னைமரம், மதில், பால்காரரின் அளவு எல்லாம் மேற்பார்த்து முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது வெயில் ஒன்றுதான். போன பங்குனியில் அதுவும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

விஷுவுக்காக முன்கூட்டியே பெங்களூரிலிருந்து வந்த மகள், பிள்ளைகள் போனை நோண்டாமல் இருக்கட்டும் என்று ஒரு பொதி வாங்கி வந்திருந்தாள். உள்ளே பன்னிரண்டு தாள். வெளிர் நீலம். தாள்மேல் ஒரு இலையை வைத்து இரண்டு மூன்று நிமிஷம் வெயிலில் காட்டினால் இலைக்கு வெளியே தாள் வெளுத்துவிடும். அதைத் தண்ணீரில் போட்டால் எல்லாம் தலைகீழ்: வெளுத்த இடம் கருநீலமாகும், இலை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும்.

பிள்ளைகளின் பாட்டா, அதாவது நம் ஓவர்சியர், ஒரு தாளை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ஓரத்தைக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"லேய் மக்களே, இது விளையாட்டுச் சாமான் இல்ல. புளூபிரிண்டு!"

உண்மைதான். அதே மருந்து, அதே நீலம். ஒரு காலத்தில் இன்ஜினியர் ஆபீஸ்களில் நகல் எடுக்க இதுதான் வழி. டிரேசிங் துணியில் கறுப்பு மையால் வரைந்த படத்தை மருந்துத் தாள்மேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்தில் பூட்டி வெயிலில் காட்டினால், நீலத்தில் வெள்ளைக் கோடாக நகல் வரும். பாட்டா வேலைக்குச் சேர்ந்தபோது அம்மோனியா பிரிண்ட் வந்துவிட்டது. அதில் கோடுதான் நீலம், தாள் வெள்ளை. கூடவே மூக்கைப் பிய்க்கும் நாற்றம். இருந்தாலும் பழைய பீரோவில் கிடந்த நீலப்படங்களைப் பார்த்து வளர்ந்த கண் அது. இத்தனை வருஷம் கழித்துத் திரும்ப டூட்டியில் சேர்ந்தது.

மறுநாள் காலை நான் பேப்பர் கேட்கப் போனபோது திண்ணையில் பேரன் பேத்திகள் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் மடியில் நீள நோட்டு. தேதி, நேரம், இலையின் பெயர், வெயிலின் தரம், வெயில் காட்டிய நிமிஷம், 'குறிப்பு' என்று ஆறு கட்டம் போட்டிருந்தது.

"இது என்ன மாமா?"

"எம்.புக்கு மருமகனே. அளவு எழுதாம வேலை எடுத்தா பில்லு பாஸாகாது. வெயிலு ஓசியில கெடக்கு, செரிதான். அதுக்காவ கணக்கில்லாம எடுக்கப்பிடாது."

முதல் இலையாகப் பெரணி. அடுத்து முருங்கை. பப்பாளி இலை தாளைவிடப் பெரிதாக இருந்ததால் டெண்டரில் தள்ளுபடி. மூன்றாவது பேத்தி தோவாளைச் சந்தையில் வாங்கிய பிச்சிப்பூச் சரத்தைத் தலையிலிருந்து உருவி வைத்தாள். தாளை அமுக்க ஒரு கண்ணாடி வேண்டுமே? பாட்டா எழுந்து உள்ளே போனார். ஓய்வு பெற்றபோது அலுவலகத்தார் கொடுத்த வாழ்த்துமடலைச் சட்டத்தோடு இறக்கி, மடலை உருவிப் போட்டுவிட்டுக் கண்ணாடியோடு வந்தார். 'கடமையே கண்ணான' என்று தொடங்கும் அந்த மடல் அன்றையிலிருந்து அரிசி டப்பாவுக்கு அடியில்.

இவ்வளவு திட்டத்திலும் ஒரு பெயர் மட்டும் விட்டுப்போனது: ஆரல்வாய்மொழிக் காற்று. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்றுக்கு நாலங்குலத் தாள் எம்மாத்திரம்? கண்ணாடி வைக்கும் முன்பே இரண்டு தாள் கிணற்றில் விழுந்தன. கிணற்றுக்குள் அவை அழகான நீலமாகியிருக்கும் என்பது வேறு கதை. எம்.புக்கில் 'குறிப்பு' கட்டத்தில் "இயற்கைச் சீற்றம்" என்று எழுதச் சொன்னார்.

அரை நாளில் பன்னிரண்டு தாளும் தீர்ந்தன. ஓவர்சியர் அதோடு நிற்பாரா? மருந்தை வரவழைத்துத் தாமே தாள் தயாரிப்பது என்று முடிவாயிற்று. இரண்டு பொடி. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். தனித்தனியாக நூறு நூறு மில்லி தண்ணீரில் கரைத்து, சமமாகக் கலந்து, வெளிச்சம் குறைந்த அறையில் தாளில் பூசிக் காயவைக்கவேண்டும். இரண்டாவது பொடியின் பெயரை அவர் உரக்கப் படித்ததுதான் தப்பு. அடுக்களையிலிருந்து ஆச்சி வந்துவிட்டாள்.

"என் சருவத்திலயா சயனைடு கலக்குதியோ? நாளைக்கு அதுல கஞ்சி வைக்காண்டாமா?"

இதில் சயனைடு இரும்போடு இறுக்கமாகப் பிணைந்து கிடக்கும், அமிலத்தில் கலக்காமலும் சூடாக்காமலும் இருந்தால் அப்படி விஷமாக இறங்காது என்று பாட்டா அரைமணி நேரம் விளக்கினார். ஆச்சி கேட்டுக்கொண்டாள். பிறகு சருவத்தைப் பிடுங்கிக்கொண்டு, விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கொடுத்தாள். பிள்ளைகள் பொடியைத் தொடக்கூடாது, அடுக்களைப் பாத்திரம் ஒன்றும் வெளியே போகக்கூடாது என்று இரண்டு ஜி.ஓ. போட்டாள். அந்த வீட்டில் சீஃப் இன்ஜினியர் யார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தாள் இருட்டறையில் காயும்வரை பாடம். இந்த நீல நகல் முறையை 1842-இல் கண்டுபிடித்தவர் ஜான் ஹெர்ஷல். அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ் என்ற அம்மாள் கடல்பாசிகளை இப்படியே தாளில் பதித்துப் புத்தகம் போடத் தொடங்கினார். புகைப்படத்தால் படம் போட்ட முதல் புத்தகம் அதுதான்; கையால் எழுதிய எழுத்தையும் அதே நீலத்தில் பதித்தார். இதுவரை யாரும் சொல்லக்கூடியது. பாட்டாவுக்குப் பிடித்த கட்டம் இதற்குப் பிறகு வரும். ஜானின் அப்பா வில்லியம் யுரேனஸ் கிரகத்தைக் கண்டவர். ஜானின் மகன் இன்னொரு வில்லியம், வங்காளத்தில் அதிகாரி. அவர் 1858-இல் சாலைக்குச் சரளை சப்ளை செய்யும் ஒப்பந்தத்தில், கான்ட்ராக்டர் பின்னால் கையெழுத்தை மறுக்காமல் இருக்க, உள்ளங்கையை மையில் தோய்த்துப் பதியவைத்தார். கைரேகைச் சான்றின் கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது.

"பாத்தியா மக்களே! அப்பன் பிளான் நகலெடுக்கச் சொல்லித் தந்தாரு, மவன் சரளைக் கான்ட்ராக்டரப் பிடிச்சாரு. நம்ம டிபார்ட்மெண்டுக்கே பிறந்த குடும்பம்!" என்றார். யுரேனஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கு எஸ்டிமேட் போட முடியாது.

பெரிய நாள் ஏப்ரல் 11. கன்னியாகுமரி ஜில்லா ஏறக்குறைய எட்டு டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் பத்து பதினொன்று வாக்கிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மதியம் சூரியன் நேராக உச்சந்தலைக்கு வருகிறான். நட்டுவைத்த கம்புக்கு நிழல் கிடையாது. அதுவும் நமது கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு அல்ல, 12.20 வாக்கில். நாட்டின் நேரம் கணக்கிடும் கோட்டுக்கு நாம் மேற்கே இருக்கிறோம் அல்லவா. வெயில் சரிந்தால் இலையின் ஓரம் மசங்கும், நட்டுக்கு விழுந்தால் ஊசிமுனை மாதிரி வரும் என்று பாட்டா பத்து நாளாகச் சொல்லிவந்தார். அன்றைக்கு மொட்டைமாடியில் தெருவே கூடிற்று. நானும் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன் என்பதை இங்கே குறித்துவைக்கவேண்டும்.

முட்டம் பாறையில் பொறுக்கிவந்த கடல்பாசியைப் பேத்தி தாளில் பிரித்து வைத்தாள். கண்ணாடி ஏறியது. பாட்டா கையைத் தூக்கினார். 12.20. பச்சைமஞ்சளாக இருந்த தாள் நீலத்துக்குப் போய், பிறகு சாம்பல் பூத்தது. "பாட்டா, எடுக்கட்டா?" "பைய இரி." பன்னிரண்டாவது நிமிஷம் எடுத்து வாளித் தண்ணீரில் அமுக்கினார். மஞ்சளாகத் தண்ணீர் கசிந்தது. தாளில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு பாசியின் நடுத்தண்டு வெள்ளையாக எழுந்தது. அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து மயிர்போல இழை, இழை நுனியில் இருந்த மணல்துணுக்குக்கூட ஒரு வெள்ளைப் புள்ளி. சுற்றிலும் நீலம் ஏறிக்கொண்டே வந்தது. பாட்டா ஒன்றும் சொல்லவில்லை. மண்ணு ஜாஸ்தி என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆச்சி கொடியில் கிடந்த பழைய வேட்டித்துண்டு ஒன்றை எடுத்து வந்தாள். முந்தின நாள் காலையிலேயே மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி, மேலே ஒரு பெரணியைக் குண்டூசியால் குத்திக் காயப்போட்டிருந்தாள். இலையை எடுத்தாள். சுற்றிலும் மஞ்சள் வெளுத்துப்போய் பெரணி மட்டும் பளிச்சென்று நின்றது. ஓரத்தில் ஒரு சொட்டுச் சுண்ணாம்புத் தண்ணீர் தொட்டாள். ஆரத்திச் சிவப்பு.

"மஞ்சக்கறை பட்ட துணிய வெயிலுல போட்டா போயிரும்னு எங்கம்ம சொன்னா. போகாத எடத்துல எல நிக்கும்லா? இதுக்கு வெளிநாட்டுலேந்து பொடி எதுக்கு?"

பூவிலும் இலையிலும் எடுத்த சாயத்தை வெயிலில் வெளுக்கவைத்துப் படம் பதிப்பதையும் அதே ஹெர்ஷல் அதே 1842-இல் செய்து பார்த்திருக்கிறார். பாட்டாவுக்கு அது தெரியும். நமக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் மேற்பார்வை கைமாறிவிடும் என்ற பயம். எம்.புக்கில் கடைசிப் பதிவு ஆச்சி பேரில்தான் இருக்கிறது. நிமிஷம் எழுதவேண்டிய கட்டத்தில் 'பொழுது சாயும்வரை' என்று பேரன் எழுதியிருக்கிறான்.

அதற்குப் பிறகு பாட்டா விடவில்லை. பிரிண்டைக் கட்டஞ்சாயாவில் ஊறவைத்தால் நீலம் கருத்துவரும் என்று கண்டுபிடித்து, வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் கொடுக்கவேண்டிய சாயாவை எல்லாம் தாளுக்குக் கொடுத்தார். இன்றைக்கு அவர் வீட்டு முன்னறையில் சாமி படத்துக்கு அடுத்து முட்டத்துப் பாசிதான் தொங்குகிறது. வாழ்த்துமடலின் கண்ணாடி அதற்கு மேலே.

என் சட்டை? வாளியை அசைத்ததில் நாலு சொட்டு. வீட்டுக்கு நடந்துவரும் வழியில் வெயில் தன் வேலையைச் செய்துவிட்டது. சோப்புப் போட்டேன், போகவில்லை. சலவைச் சோடா போட்டேன்; நீலம் போய் இரும்புத்துரு மாதிரி மஞ்சள் நின்றது. ஆச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மஞ்சக்கறைன்னா வெயிலு எடுத்திரும். இது வெயிலே போட்ட கறை. யாரு எடுக்கது? சட்டைய மாமாவுக்குக் குடுத்திரு, வாளி தொடைப்பாரு."