இல்லறமும் இருதயமும்

கேள்வி: விவாகமானவர்களுக்கு இருதய நோய் குறைவு என்கிறார்களே, மெய்தானா?

பதில்: மெய்தான். வில்லியம் ஃபார் என்னும் ஆங்கிலப் புள்ளியியல் நிபுணர், பிரெஞ்சு மக்களின் மரணக் கணக்குகளை ஆராய்ந்து, மணமானவர்களே பெரும்பாலும் தீர்க்காயுள் உடையவர்கள் என்று 1858-இல் கண்டது முதல், 20 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பற்றிய 34 ஆய்வுகளின் தொகுப்பு, துணையற்றோருக்கு இருதய, ரத்தக்குழாய் நோய்களின் அபாயம் 42 சதவீதம் கூடுதல் என்று 2018-இல் உரைத்தது வரையில், இக்கருத்து நிலைபெற்றே வந்திருக்கிறது. நள்ளிரவில் மார்பு வலித்தால், 'வெறும் வாயுதான்' என்று புரண்டு படுப்பவரை எழுப்பி வைத்தியரிடம் இழுத்துச் செல்ல ஒரு ஜீவன் அருகிலிருப்பதே இதற்கு முக்கிய காரணம் என்பேன். ஆயினும், ஸ்டாக்ஹோமில் இருதய நோயுற்ற ஸ்திரீகளை ஆராய்ந்தபோது, தாம்பத்தியத்தில் கடும் மனக்கசப்பு உடையோரை நோய் மீண்டும் தாக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. தம்பதிகள் சச்சரவைக் குறையுங்கள். தனித்து வாழ்வோர், வலி கண்டால் அண்டை வீட்டாரை அழைக்கத் தயங்காதீர்கள்.