ஆயிரம் உண்மை சொல்லி

முயலை மடியில் போட்டுக் கொஞ்சலாம் என்று நம்புகிறவர்கள் எல்லாம் காலண்டரில் மட்டும் முயல் பார்த்தவர்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவளுக்கு மடி என்றாலே ஆகாது. தூக்கினால் பின்னங்காலால் ஓர் உதை. நமக்குக் கீறலோடு போகும். சரியாகப் பிடிக்காவிட்டால் அவளுக்கு முதுகெலும்பே முறியும். எலும்பு அவ்வளவு மெல்லிசு, பின்னங்கால் தசை அவ்வளவு பலம். கோபத்தில் தன் முதுகைத் தானே ஒடித்துக்கொள்ளக்கூடிய ஒரு ஜீவனை எங்கிருந்து கொஞ்சுவது?

எங்கள் மடிப்பாக்கத்தில் ஒரு குடும்பம் வாடகை வீட்டைக் காலி செய்தபோது கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டு, பால்கனியில் இவளைக் கூண்டோடு விட்டுவிட்டுப் போய்விட்டது. வாட்ச்மேன் பார்த்துச் சொல்ல, இந்த மாதிரிப் பிராணிகளுக்காக ராத்திரி பகல் பாராமல் ஓடுகிற பிள்ளைகள் சிலர் மீட்டார்கள். அதில் ஒருத்தி என் மகள். “நல்ல வீடு கிடைக்கிற வரைக்கும்தான்ப்பா” என்றாள். இதே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்த என் மைத்துனன் கல்யாணம் பண்ணிக்கொண்டுதான் கிளம்பினான்.

மூக்கு ஒரு நொடி நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்ததால் அம்மா ‘மூக்கன்’ என்று பெயர் வைத்தாள். டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெண் என்றார். அம்மா அசரவில்லை. “அப்ப மூக்காயி.”

மூக்காயிக்காக என் மனைவி வாங்கி வைத்த ஒரு கிலோ கேரட்டை நாங்களே பொரியல் செய்து தின்றோம். கேரட்டில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு துண்டுக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முயலின் பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கப் புல்லை அரைத்துத் தேய்க்காவிட்டால் அது வளைந்து வாயையே குத்தும். வைக்கோலில் போதிய சத்து இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் டிமோத்தி என்ற உலர்புல்லின் விலையைக் கேட்டதும் எனக்குப் பசியே போய்விட்டது. அதை அளந்து போட்டுவிட்டு, மிச்சத்துக்கு அருகம்புல் என்று முடிவாயிற்று.

அருகம்புல்லுக்கு எங்கள் தெருமுனைப் பூக்காரம்மாதான் கதி. தினமும் காலையில் போய் இரண்டு கட்டு வாங்கினேன். கொஞ்ச நாளில் அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்க ஆரம்பித்தார். “சாருக்கு என்ன வேண்டுதலோ, பிள்ளையார் கைவிட மாட்டார்” என்று ஒரு கைப்பிடி கூடப் போட்டார். தன் மகனுடைய அரியர் பேப்பருக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார். சங்கடஹர சதுர்த்தி வந்தால் மட்டும் சிக்கல். பிள்ளையாருக்கும் மூக்காயிக்கும் நேரடிப் போட்டி, விலை கிடுகிடுவென்று ஏறிவிடும். மூஞ்சூறு வாகனருக்குப் போகவேண்டியது மூஞ்சூறின் தூரத்துச் சொந்தத்துக்குப் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் செல்லாது என்றாள் மகள். முயல் எலி வகையே இல்லையாம். மேல்வாயில் முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் குட்டிப் பல் ஒளிந்திருக்கிறது. அதை வைத்து 1912-லேயே தனி வரிசைக்கு மாற்றிவிட்டார்கள்.

கத்திரி வெயில் தொடங்கியது. வீட்டு முயலின் மூதாதைகள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து வளைகளில் வாழ்ந்தவை. (நம் ஊர்க் காட்டு முயல் வேறு இனம். அதைப் பிடித்து வீட்டில் வைத்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கதவைத் தட்டும்.) உடம்புச் சூட்டை முக்கியமாகக் காது வழியாகத்தான் விடவேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் முயல் வளர்க்கிறது. அங்கே பனியில் சுகமாக இருந்திருக்கவேண்டியவள், கழற்ற முடியாத கம்பளிக் கோட்டோடு மே மாதத்து மடிப்பாக்கத்தில் மாட்டிக்கொண்டாள். ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் இருந்த இடத்தில் உறைந்த தண்ணீர் பாட்டில்கள். அவள் அதில் ஒன்றில் சாய்ந்து படுத்துக்கொள்வாள். நான் கேட்டபோதெல்லாம் ‘ராத்திரி போட்டுக்கலாம்’ என்று மறுக்கப்பட்ட ஏசி, அவளுக்காக மத்தியானமே ஓடியது. கரண்ட் பில்லில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது அந்த மாதங்களில் எங்களுக்கு ஆறுதல் பரிசு மாதிரித்தான் தெரிந்தது.

தத்துக் கொடுப்பதற்கு முன்னால் கருத்தடை ஆபரேஷன் செய்யவேண்டும். குட்டிகளைத் தவிர்க்க மட்டும் இல்லை. பெண் முயலுக்கு வயதானால் கருப்பையில் புற்றுநோய் வருவது சகஜம். ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடவேண்டுமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றார் டாக்டர். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதைவிட, வயிறு காலியாகக் கிடந்தால் குடல் நின்றுவிடும், நின்றால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஆபரேஷன் முடிந்து வந்த அன்று எங்கள் குடும்பம் முழுக்க ஒரு டிரேயைச் சுற்றி உட்கார்ந்து புழுக்கைக்காகக் காத்திருந்தது. அம்மா கந்தசஷ்டிக் கவசத்தை ஆரம்பித்துவிட்டாள். நடுராத்திரிக்கு மேல் என் மனைவி, “போட்டுட்டா!” என்று கத்திய கத்தில் மாடி வீட்டில் விளக்கு எரிந்தது. மறுநாள் அவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். விசேஷத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் லிஃப்டில் கொஞ்சம் தள்ளியே நிற்கிறார்கள்.

விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கவேண்டும். காட்டில் ஓடும் முயலை வீழ்த்திய அம்பைவிட, யானையைக் குறிவைத்துத் தவறிய வேலே மேல் என்று வள்ளுவர் 772-ஆம் குறளில் சொல்கிறார். சோபாவுக்கு அடியில் ஓடும் முயலை செல்போனில் பிடித்துப் பார்த்திருந்தால் இந்தக் கருத்தை அவர் மறுபரிசீலனை செய்திருப்பார். குஷி வந்தால் மூக்காயி அந்தரத்தில் எம்பி உடம்பை முறுக்கித் துள்ளுவாள். எங்களிடம் இருக்கும் படங்களில் அந்தத் துள்ளல் நடந்து முடிந்த காலியிடம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

படத்துக்குக் கீழே மகள் எழுதினாள்: தூக்கினால் பிடிக்காது. வயர் கடிப்பாள். பத்து வருஷம்கூட வாழ்வாள். கூண்டில் அடைப்பவர்களுக்குக் கிடையாது.

அம்மா பதறிவிட்டாள். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுவாங்க. இப்படி எழுதினா எவன்டி எடுப்பான்?”

“எடுக்கக்கூடாதுன்னுதான் பாட்டி எழுதறேன். இதையும் மீறி ஒருத்தர் வருவார் பாரு, அவருக்குத்தான்.”

அதையும் மீறிப் பலர் வந்தார்கள். ஒருவர் எடுத்த எடுப்பில், “எத்தனை கிலோ தேறும் சார்?” என்றார். தேறாது என்று வைத்துவிட்டேன். இன்னொருவர் ரொம்பப் பணிவாக, முயல் ரத்தத் தைலம் தேய்த்தால் தலைமுடி வளருமாமே என்று இழுத்தார். இதுவரை மூக்காயியைக் காப்பாற்றியதில் என் வழுக்கைக்கும் பங்கு உண்டு. வீடியோ காலில் வரச் சொல்லி, முயலோடு ஒரே வீட்டில் இருக்கும் என் தலையைக் காட்டினேன். ஓர் அம்மா ஐந்து வயதுப் பையனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்டார். அவன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்போதும் இது இருக்கும், நீங்கள்தான் புழுக்கை அள்ளவேண்டும் என்றேன். லைன் கட்டாகிவிட்டது. முயல்களைத் தெருவுக்கு அனுப்புவது கெட்ட மனசு இல்லை, இந்தக் கணக்கைப் போட மறப்பதுதான் என்பது என் கட்சி.

கடைசியில் தாம்பரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ரிட்டையரானவர்கள். அவர்களிடம் ஏற்கெனவே கருத்தடை செய்த ஆண் முயல் ஒன்று இருந்தது, ஜோடியை இழந்து சோர்ந்து கிடந்ததாம். மூக்காயி எங்கே தூங்குவாள், எதற்குப் பயப்படுவாள் என்று விசாரித்தார்கள். யாருடைய எல்லையிலும் சேராத இடத்தில்தான் இரண்டையும் அறிமுகப்படுத்தவேண்டும் என்பதால், மூக்காயி இதுவரை கால் வைக்காத எங்கள் குளியலறையில் சந்திப்பு. அவன் முகர்ந்தான். அவள் பின்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டினாள். பிறகு மெதுவாக அவன் முன்னால் போய்த் தலையைத் தரையோடு தாழ்த்தினாள்.

“பாரு, என்ன அடக்கம்!” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அது அடக்கம் இல்ல பாட்டி. தலையை நக்கிச் சுத்தம் பண்ணுன்னு ஆர்டர் போடறா.”

அவன் மறுபேச்சில்லாமல் நக்க ஆரம்பித்தான்.

“அப்ப குடும்பம் நடக்கும்” என்றாள் அம்மா.

அடுத்த வாரம் தாம்பரத்துக்காரர் போன் செய்தார். வைஃபை வயர் போய்விட்டது, நீங்கள் முன்னாலேயே சொன்னதுதானே என்றார் பெருந்தன்மையாக. பிறகு குரலைத் தாழ்த்தி, “சார், ரெண்டு பேருக்கும் சேர்த்து நாலு கட்டு அருகம்புல் வாங்கறேனா, எங்க பூக்காரம்மா ‘கோயில் ஏதாச்சும் கட்டறீங்களா’ங்கறாங்க. என்ன சொல்ல?”

“ஆமான்னு சொல்லுங்க. ஒரு கைப்பிடி கூடப் போடுவாங்க.”