கடைசி நாலு நொடி

பழைய ரேடியோக்களை இணைய ஏலத்தில் எடுப்பவரிடம் திங்கட்கிழமை காலையில் பேச்சுக் கொடுக்காதீர்கள். கலிபோர்னியாவில் ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி என்றால் பெரம்பலூரில் திங்கள் காலை ஆறரை. எல்லாரும் வீட்டில் சும்மா இருக்கிற நேரமாயிற்றே என்று அங்கே விற்கிறவர்கள் பலரும் அந்த வேளையில்தான் ஏலம் முடியும்படி வைக்கிறார்கள். குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது நமக்கு ஏழரை ஆகிவிடும். பொருத்தமான எண்தான்.

பொதுவாகத்தான் சொல்கிறேன். யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. என் சகலை இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. அவர் மனைவி வாங்குகிறார் என்பது வேறு விஷயம்.

இந்த ரகத்துக்கு ஏழு நாள் ஏலம் என்பது கடைசி நாலு நொடிதான். அதற்கு முன்னால் விலை கேட்கிறவன் விவரம் தெரியாத பிள்ளை. "முன்னாடியே கேட்டா, நமக்கு அது வேணும்னு உலகத்துக்கே தெரிஞ்சுடும் சகலை." ஆகவே வாரம் முழுக்க, கண் வைத்த ரேடியோவைத் தெரியாதவர்போல் நடந்துகொள்வார். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதன் படத்தைப் பார்க்கும்போதுகூட முகத்தில் ஆசை காட்ட மாட்டார். டெக்சாஸில் இருக்கிற போட்டிக்காரன் பெரம்பலூர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிடுவானோ என்று பயம்.

திங்கள் காலை ஆறே காலுக்கு மொட்டை மாடி. அவர் வீட்டில் சிக்னல் அங்கேதான் நிற்கும். தண்ணீர்த் தொட்டி மூடிமேல் ஒரு போன், ஏலத்துக்கு. பக்கத்தில் இன்னொன்று, நொடி பார்க்க. அவர் மனைவி ஈரத்துணி வாளியோடு வந்து, "செத்த நகருங்க, கொடி அந்தப் பக்கம் இருக்கு" என்பார். பதில் வராது, ஒரு கை மட்டும் உயரும். ஐம்பது நொடி இருக்கும்போது மூச்சை அடக்குவார். பத்து இருக்கும்போது, கொசு வந்து உட்காரக் காத்திருப்பவர் கைபோலக் கட்டைவிரல் திரைக்கு ஒரு நூல் மேலே நிற்கும். நாலில் ஒரே அமுக்கு. அப்புறம் திரையில் அந்த வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த வேலையைத் தானே செய்து தர மென்பொருள் இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "மெஷினை விட்டு ஏலம் கேக்குறவன் மனுசனா?" என்றார்.

கேட்கிற தொகை முழு எண்ணாகவே இருக்காது. நூறு டாலர் வரை போகிறவன் நூறு என்றே போடுவானாம். இவர் 101 டாலர் 37 சென்ட். மொய் எழுதிப் பழகிய கை. விற்பவர் எழுத்துப்பிழையோடு போட்ட சாமான் யார் கண்ணிலும் படாது என்பதால், தப்புத் தப்பாகத் தட்டச்சு செய்து தேடும் கலையும் உண்டு. அதை விடுங்கள்.

இந்த ரகசியப் புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். அவர் அப்பா பருத்தி போட்டவர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மறைமுக ஏலம்: ஒவ்வொரு வியாபாரியும் குவியலைப் பிசைந்து பார்த்துவிட்டு, அடுத்தவர் கண்ணில் படாமல் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார். அதைப் பார்த்து வளர்ந்த பையன், வாய்விட்டு விலை சொல்வதே அவமானம் என்று முடிவு கட்டிவிட்டான்.

நானும் விடவில்லை. படித்துவிட்டு வந்து மோதினேன். வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: மூடிய ஏலத்தில் ஜெயித்தவர், தனக்கு அடுத்தபடியாகக் கேட்டவரின் விலையைக் கொடுத்தால் போதும் என்று விதி இருந்தால், மனதில் உள்ள உண்மை விலையை எழுதுவதே புத்திசாலித்தனம். 1996-ல் நோபல் பரிசே வாங்கினார். இவர் ஏலம் கேட்கிற ஈபே தளமும் கிட்டத்தட்ட அப்படித்தான். உச்சவரம்பாக 200 டாலர் போட்டுவைத்து, அடுத்தவர் 90-ல் நின்றுவிட்டால் 91 கொடுத்தால் போதும். ஆக, ஒரே தடவை போட்டுவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம்.

சகலை... மன்னிக்கவும், இந்த ரகத்து ஆசாமி சிரித்தார். அடுத்த வாரமே ஆல்வின் ராத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அவரும் நோபல்காரர்தான், 2012. ராத்தும் ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸும் 2002-ல் எழுதிய கட்டுரைப்படி, கடைசி நிமிடத்தில் கேட்கிற பழக்கம் ஈபேயில் மிகுதி. அன்றைக்கு அமேசான் நடத்திய ஏலத்தில் யாராவது கேட்டால் பத்து நிமிடம் நீண்டுவிடும் என்பதால் அங்கே குறைவு. அதுவும் கம்ப்யூட்டரைவிடப் பழம்பொருளில்தான் இந்தப் பழக்கம் அதிகம். விவரம் தெரிந்தவர் முன்கூட்டியே கை வைத்தால், சரக்கு அசல் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுபோல் ஆகிவிடுமாம். "விவரம் தெரிஞ்சவர்னு போட்டிருக்கான், பாத்தீங்களா?" என்று என் மூக்குக்கு நேரே போனை ஆட்டினார். அன்றோடு பொருளாதாரத்தை விட்டுவிட்டேன்.

அந்த விவரம் தெரிந்தவர் ஒரு தடவை சிகாகோவில் செய்த காட்லீப் பின்பால் மெஷினில் கை வைத்தார். கண்ணாடிக்கு அடியில் எஃகு உருண்டை ஓடும், இரண்டு பக்கத் துடுப்பால் தட்டிவிட வேண்டும், மணி அடிக்கும், மதிப்பெண் ஏறும். அந்த விளையாட்டுப் பெட்டி. நூறு கிலோவுக்கு மேல். காலைக் கழற்றித் தலைப்பலகையைப் பிரித்தால்தான் வாசல் நுழையும். வாங்குகிற எண்ணமே இல்லையாம். "சும்மா விலையை ஏத்திவிடலாம்னு" பழக்கத்துக்கு மாறாக அரைமணி நேரம் முன்பே ஒரு தொகை போட்டார். மற்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். இவர் பெயர்தான் மேலே. முகம் வெளுத்துவிட்டது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும், அன்றைக்குத் திங்கள். அந்தத் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, "தாயே, எவனாவது ஒரு டாலர் கூடக் கேக்கணும்" என்று மொட்டை மாடியில் நின்று வேண்டினார். கடைசி நொடியில் எவனோ கேட்டான். சாயங்காலமே குடும்பத்தோடு போய் மாவிளக்கு போட்டுவிட்டு வந்தார். காரணத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இந்தியாவின் ஈபே தளத்தை 2018 ஆகஸ்டில் மூடுவதற்கு முன், கொல்கத்தாக்காரர் ஒருவரிடம் ஒரு பழைய பிலிப்ஸ் ரேடியோ எடுத்தார். வால்வு சூடாகிற வரை சத்தமில்லை. அப்புறம் குமிழைத் திருப்பத் திருப்ப, அலை பிடிபடுவதைக் காட்டும் அந்தப் பச்சை விளக்கு, மேஜிக் ஐ, மெதுவாக இடுங்கியது. 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலி கணீரென்று பிடித்தது. மனிதர் குழந்தை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஐந்து நிமிடம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது.

மற்றவை பாடியதில்லை. 110 வோல்ட் ஜெனித் ரேடியோவை நம் 230-ல் நேரே செருகிப் புகை பார்த்ததும் அவர்தான். புகை வந்தது என் வீட்டில். ஏனென்றால் பார்சல் எல்லாம் அரியலூரில் என் விலாசத்துக்கு வரும். பெரம்பலூரில், ஒவ்வொரு ஏலமும் தோற்றுவிட்டதாகத்தான் கணக்கு. "பாவம் மனுசன், ஒரு தடவையாவது ஜெயிக்கக் கூடாதா" என்று அவர் மனைவி என்னிடமே உருகுகிறார். நான் தலையை ஆட்டுகிறேன். சுங்க வரியைத் தபால்காரரிடம் கட்டுவதும் நான். கேட்டால், "எழுதி வைங்க சகலை." கோடிக்கணக்கான வருஷத்துக் கடல் நத்தைகள் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கல்லாகக் கிடக்கிற ஊர் எங்கள் அரியலூர். அறுபது வருஷப் பெட்டிக்கு டாலர் அனுப்புவது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

என் வீட்டுக் கூடத்தில் இரண்டு சுவர் அடைத்தாகிவிட்டது. சிமென்ட் லாரி போகப் போகப் படிகிற புழுதியை என் மனைவி துடைக்கிறாள். துடைக்கும்போது அவள் சொல்வதை எழுத முடியாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அதற்குள் வண்டி வைத்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.