தார் போட்டால் கண் கலங்குகிறவர்

ஊரே ரோடு கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருக்க, எங்கே போட்டுத் தொலைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்கும் ஒரே ஜீவன் இவர்தான். கோயம்புத்தூர்க்காரர். சாஃப்ட்வேரோ ஸ்பின்னிங் மில்லோ பல் ஆஸ்பத்திரியோ, வாரத்தில் ஆறு நாள் பிழைப்பு எதுவாகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மட்டும் ‘கிராவல் ரைடர்’, அதாவது தார் போடாத பாதையாகத் தேடிப் பிடித்துச் சைக்கிள் மிதிக்கிறவர்.

அவரை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. ‘என்ன சார், சைக்கிளா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், வாசற்படியிலேயே வகுப்புத் தொடங்கிவிடும். ரேஸ் சைக்கிள் டயர் 25, 28 மில்லிமீட்டர், இவருடையது 40. அதில் காற்று 80, 90 பி.எஸ்.ஐ. அடிப்பார்கள், இதில் முப்பத்துச் சொச்சம். ‘கரடுமுரடான பாதையில் காற்றைக் குறைத்தால்தான் சார் வேகம். டயர் கல்லை விழுங்கிக்கொள்ளும்’ என்று சொல்லிக்கொண்டே, மாம்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் கட்டைவிரலால் டயரை அழுத்துவார். நம் கட்டைவிரலையும் பிடித்து அழுத்தவைப்பார். ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிளுடையது மாதிரி வளைந்திருக்கும். ஆனால் முனை இரண்டும் வெளிப்பக்கம் விரிந்திருக்கும். அந்த விரிவு எத்தனை டிகிரி என்பதும் பாடத்தில் உண்டு. விலையை மட்டும் சொல்ல மாட்டார். மனைவி உள்ளே இருக்கிறார்.

இவ்வளவு ஆராய்ச்சி செய்தவர் ஒன்றை மட்டும் கவனித்ததில்லை. வாய்க்கால் மேட்டில் ஞாயிறு தவறாமல் இவருக்கு எதிரே வரும் பால்காரர் சைக்கிளின் டயர் 28-க்கு ஒன்றரை. ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, வாயில் பீடியோடு, ஹெல்மெட்டோ ஜெல் பாக்கெட்டோ இல்லாமல், பெரியவர் நாற்பது வருஷமாக கிராவல் ரைடிங்தான் செய்துகொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ரைடு சனிக்கிழமை ராத்திரியே ஆரம்பமாகிவிடும். செயற்கைக்கோள் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே நூல்போல வெளுத்துத் தெரியும் கோடுகளைத் தேடுவார். இரண்டு ஊருக்கு நடுவே மெயின் ரோட்டில் பத்து நிமிஷம் என்று மேப் சொன்னால், அதையே நாற்பது கிலோமீட்டராக்கினால்தான் தூக்கம் வரும். மேலேயிருந்து பார்க்கும்போது பாதையாகத் தெரிந்தது, கிட்டப் போனால் மாட்டுத் தடமாக இருக்கும். சில சமயம் யாரோ ஒருவர் தோட்டத்துக் களத்துமேட்டில் போய் முடிந்து, அங்கே இரண்டு நாய்கள் காத்திருக்கும். விடிகாலையில் சைக்கிளைக் காரின் முதுகில் கட்டிக்கொண்டு, நாலுவழிச் சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டி, பவானியில் இறக்குவார். கெட்ட ரோட்டுக்குப் போய்ச் சேர நல்ல ரோடு வேண்டியிருக்கிறது. இதை எடுத்துச் சொன்னால் பேச்சை கியருக்கு மாற்றிவிடுவார்.

அவர் தேர்ந்தெடுக்கும் பாதையைக் குறை சொல்ல முடியாது. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால், பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் பிரிந்து, 56 மைல் வளைந்து நெளிந்து கொடுமுடிப் பக்கம் போய் முடிகிறது. பாம்பு ஒன்று முன்னே ஊர்ந்துபோய் வழி காட்டியதாகவும், அது போன போக்கிலேயே வெட்டியதாகவும் கதை. தண்ணீர் தானாக ஓட வேண்டுமே, அதற்காக மேட்டை ஒட்டியே சுற்றிச் சுற்றிப் போயிருக்கிறார்கள் என்பது விஷயம் தெரிந்தவர்கள் கணக்கு. ஆகவே கரையில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு பக்கம் மஞ்சள் வயல், மறுபக்கம் வாழை, நடுவில் செம்மண். நம்மவர் இதை மெதுவாக மிதித்துப்போய், கையிலுள்ள கருவியைப் பார்த்து, ‘எலிவேஷன் ஒன்றும் தேறவில்லையே’ என்று அலுத்துக்கொள்வார்.

அவருக்குச் சொர்க்கம் என்றால் இட்டேரிதான். கொங்குநாட்டுத் தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் கிளுவை வேலி நெருக்க, ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் ஓடுமே, அந்த மண் தடம். வேலிக்குள் கௌதாரி, ஓணான், உடும்பு. தடத்தில் மயில். மயிலைப் படம் பிடிக்க இறங்கினால் காலடியில் நெருஞ்சி. அதற்கெல்லாம் அவர் அஞ்சுவதில்லை. டயருக்குள் டியூப் கிடையாது. வெள்ளைப் பால் ஒன்று ஊற்றி வைத்திருக்கிறார். முள் குத்தினால் அது கசிந்து, உறைந்து, ஓட்டையை அடைத்துவிடும். நெருஞ்சிக்கு அடைக்கும். சீமைக்கருவேல முள்ளுக்கு அதுவும் கைவிரிக்கும். பால் முழுக்க முகத்தில் பீய்ச்சியடித்த கோலத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய் நிற்பார். கடைப் பையன் டயரைக் கழற்றி உள்ளே கையை விட்டுத் துழாவிவிட்டு, ‘ஏனுங்ணா, டியூப்பையே காணமுங்க, வர்ற வழில உழுந்திருச்சுங்களா?’ என்பான்.

காட்டுப் பாதைக்கும் ஆசைதான். ஆனால் சத்தியமங்கலம் காடு 2013-லிருந்து புலிகள் காப்பகம். பண்ணாரி செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரர் ஹெல்மெட்டிலிருந்து கிளிப் ஷூ வரை நிதானமாகப் பார்த்துவிட்டு, ‘திம்பத்துக்குத் தார் ரோட்டுல பகல்ல போங்க. ரோட்ட உட்டுக் கீழ எறங்குனா கேசுங்க. உள்ள ஆனை நிக்குது’ என்பார். சட்டமும் யானையுமாகச் சேர்ந்து அவரைத் தாரில் நிறுத்திவிடும். 27 கொண்டை ஊசி வளைவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஏறுவார். அன்றைய எலிவேஷன் மட்டும் அமோகம்.

அசல் சோதனை டீக்கடையில்தான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் முதலில் கேட்பது, ‘ஏனுங் தம்பி, அந்தப்பக்கம் தாரு ரோடு சும்மா கெடக்குதே, வழி தெரியாம வந்துட்டீங்களா?’

‘இல்லீங்கய்யா, இந்த ரோட்டுக்குன்னே வந்தேனுங்க.’

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். நம்மவருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அமெரிக்காவில் கேன்சஸ் என்றொரு சீமை. அங்கே எம்போரியா என்ற சிற்றூரில் 2006-லிருந்து 200 மைல் மண்ரோட்டுப் பந்தயம் நடக்கிறது. டயரைக் கிழிக்கும் சிக்கிமுக்கிக் கல்லில் உலகமே வந்து ஓட்டுகிறது. இத்தாலியில் டஸ்கனிப் பக்கம் வெள்ளை மண் பாதைகள் உண்டு. அவற்றின்மேல் தார் போட்டுவிடக் கூடாதே என்றுதான் 1997-ல் ‘லெரோயிகா’ என்று பழைய சைக்கிள்களில் ஒரு பயணமே தொடங்கினார்கள். ‘நம்ம ரோடும் இப்படியே இருக்கோணுமுங்கய்யா!’

பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘அந்தூர்ல பிரசவத்துக்கு ஆம்புலன்சு வர வேண்டாமுங்களா?’ என்பார். அதற்குக் கேன்சஸிலும் பதில் இல்லை, டஸ்கனியிலும் இல்லை. நம்மவர் இரண்டு டீக்குக் காசு கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார்.

வீட்டுக்கு வந்தால் சைக்கிளுக்குத்தான் முதல் குளியல். பல்லுக்குப் பல் பிரஷ் போட்டுத் தேய்த்துச் செம்மண்ணை எடுப்பார். பிறகு அன்றைய பாதையை ஸ்ட்ராவா செயலியில் ஏற்றுவார்: தூரம், நேரம், நாடித்துடிப்பு, குழிக்குக் குழி படம், ஜல்லி பெயர்ந்த இடம், மழைத்தண்ணீர் அரித்துத் தரைப்பாலம் உட்கார்ந்த இடம். ‘உலகத்தரம்!’ என்று தலைப்பு.

இந்த ஆவண உற்சாகம்தான் கடைசியில் ஆப்பு வைத்தது. டீக்கடைப் பெரியவர் ஒரு நாள் போனில் வந்தார். ‘தம்பி, நீங்க நம்ம தடத்த மீட்டரு மீட்டரா அளந்து படம் புடிச்சு வெச்சிருக்கறீங்களாமா? திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு நாளுங்க. அதக் கொஞ்சம் பிரிண்டு போட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்.’ எப்படி மறுப்பது? அத்தனை ஞாயிறும் டீயும் வழியும் சொன்ன மனிதர். தூரம் மீட்டர் கணக்கில், குழிகள் வரிசை எண்ணோடு, வண்ணத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். நாற்பது வருஷமாகக் கொடுத்த மனுக்களுக்கெல்லாம் அசையாத ஃபைல் இந்த ஒரு மனுவுக்கு அசைந்தது. ஆதாரம் அவ்வளவு பலம்.

தார் போட்ட வாரம் போய்ப் பார்த்தார். கரேலென்று பளபளத்துக் கிடந்தது. டீக்கடையில் அவருக்குத் துண்டு போர்த்தினார்கள். அவர் முகம் போன போக்கைப் பெரியவர் பார்த்துவிட்டார். ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோய், ஷூ முனையை ரோட்டு விளிம்பில் வைத்து லேசாக நெம்பச் சொன்னார். ஒரு துண்டு அப்படியே கையோடு பெயர்ந்து வந்தது.

‘வெசனப்படாதீங்க தம்பி. ஐப்பசி மழை ஒண்ணு புடிச்சு அடிக்கட்டும். தீவாளி முடிஞ்சு வந்து பாருங்க, உங்களுக்குப் புடிச்ச மாதிரியே ஆயிருக்கும்.’